பையை விடு

உலகத்தில் யார் யாரையோ உதைக்கிறார்கள், ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அக்கா புருஷனை, சீருடை போட்டுக்கொண்டு, விமானத்தின் வாசலில் வைத்து, ஊரே பார்க்க வீடியோவில் விழும்படி உதைத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வீடியோவும் பெரிய நீளமில்லை. புகை வரும் வாசலில் ஒரு மனிதர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீலச் சீருடைப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து அவர் இடுப்புக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விடுகிறாள். அவர் பையோடு, அவசரத்துக்கு விரித்த காற்றுச் சறுக்கில் உருண்டு போகிறார். அவ்வளவுதான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பாட்டைச் சேர்த்துப் பரப்பினார்கள், திமிர் பிடித்தவள் என்று வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். அந்த உதைக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் சைரன். பயிற்சிப் பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர். விபத்து நடந்தால் விமானப் பணிப்பெண் வாசலில் நின்று எப்படிக் கத்த வேண்டும் என்று அங்கே சொல்லித்தருவார்கள். மற்ற பெண்கள் தொண்டை கட்டுமளவுக்குக் கத்தியும் ‘காதுல விழலையே’ என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்க, இவள் வாயைத் திறந்ததும் பக்கத்துக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடிவிட்டார்கள். அன்றிலிருந்து சைரன்.

வீட்டில் அவள் வெறும் சின்னவள். அங்கே அவளுக்குத் தொண்டையே கிடையாது. அவளுக்கு என்ன, அக்காவைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே தொண்டை பாதியாகக் குறைந்துவிட்டது. மாப்பிள்ளை தூங்குகிறார், மெதுவாகப் பேசு. மாப்பிள்ளை செய்தி பார்க்கிறார், மிக்சியை நிறுத்து. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நீ வாயை மூடு. அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரும் எதற்கும் மறுத்துப் பேசாமல் பேசாமல், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அவரை நம்பவைத்துவிட்டார்கள்.

வீடியோ பரவிச் சில வாரம் கழித்து ஒருநாள் பகலில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. மேசைமேல் கம்பெனி விமானத்தின் பொம்மை, அதன் ஒரு இறக்கையில் பேனா செருகியிருந்தது.

“உன் மேல புகார் குடுத்தவர் உன் சொந்தக்காரர்தானே? அவரா புகாரை வாபஸ் வாங்கிட்டா விஷயம் முடிஞ்சுது. நீ வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாடியும் சாரி சொன்னா உடனே எனக்கு போன் பண்ணி வாங்கிக்கிறேன்னு சொல்றார். நல்ல மனுஷன். இல்லன்னா, சட்டைல குத்தியிருக்கிற அந்த இறக்கை பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டுப் போக வேண்டியதுதான்.”

“சார், அவர் பைக்காக நின்னதாலதான் வழி அடைச்சுது. ஒருத்தர் செத்துப் போயிருக்கார்.”

“அதை விசாரணை பண்றவங்க பாத்துப்பாங்க. வீடியோல வழி தெரியலையேம்மா. உன் கால்தான் தெரியுது.”

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் ‘சரி சார்’ என்றுதான் வாயில் வந்தது. வேலை போனால் அம்மாவின் மருந்துக்கும் வாடகைக்கும் எங்கே போவது என்று யோசித்தபடியே படியிறங்கினாள். ஒரு சாரிதானே. விமானத்தில் காபி ஆறிப்போனதற்கு, மழை பெய்ததற்கு, பக்கத்து இருக்கைக்காரன் குறட்டை விட்டதற்கு என்று எத்தனை சாரி சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒன்று சொல்லிவிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை. ஜன்னலோரம் சாய்ந்ததும் அந்த நாள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

அத்தான் அந்த விமானத்தில் வருகிறார் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஏதோ கம்பெனிக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏறியதுமே பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், “நம்ம மச்சினிதான், நமக்கென்ன குறை,” என்று அறிமுகப்படுத்தியாயிற்று. கையில் ஒரு கறுப்புப் பை. அவர் தலைக்கு மேலிருந்த பெட்டி நிரம்பிவிட்டதால், நான்கு வரிசை முன்னால் இடம் தேடி, அவள்தான் தன் கையால் அந்தப் பையைத் தூக்கி வைத்தாள்.

“பாத்து வை. முக்கியமான சாமான் இருக்கு,” என்றார் அத்தான்.

விமானம் தரையிறங்கப் போகும்போது இருக்கையை நிமிர்த்தச் சொன்னால் “நிமிர்த்திக்கலாம், இரு” என்றார். போனை அணைக்கச் சொன்னால் “எல்லாம் சும்மா சொல்றது, எனக்குத் தெரியாதா” என்று கண்ணடித்தார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். அத்தானிடம் சிரித்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அந்தப் பை இருந்த இடத்துக்கும் இரண்டு வரிசை முன்னால் ஒரு சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். ஆள் வாட்டசாட்டம். இரண்டு முன்கைகளிலும் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்புகள். வெளியூரில் ஒரு கேன்டீனில் வேலை, விடுப்புக்கு வீட்டுக்குப் போகிறாராம். அவள் டீ கொடுத்தபோது “சூடா இருக்கு, பாத்து” என்றாள்.

“சூட்டுலயே கெடக்கிறவன்மா நான். டீ என்னைப் பாத்துதான் பயப்படணும்,” என்று அவர் சொன்னதும் பக்கத்தில் இருந்த சின்னப் பெண் சிரித்தாள். அவளுடைய அம்மா கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்து, சமையல்காரர் அந்தப் பெண்ணுக்குக் காகிதக் கோப்பையில் தொப்பி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் தரையைத் தொட்டது. அடுத்து டமாரென்று ஒரு சத்தம். டயர் வெடித்து, விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போய் நின்றது. இடது இறக்கைக்கு அடியில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. இடப்பக்கக் கதவுகளைத் திறக்க வழியில்லை. முன்பாதி ஆட்கள் முன்பக்கத்தாலும், பின்பாதி ஆட்கள் அவள் நின்ற வலப்பக்கப் பின் வாசலாலும் இறங்க வேண்டியதாயிற்று. கதவைத் திறந்தாள். சறுக்கு புஸ்ஸென்று காற்று நிரம்பி விரிந்தது.

ஒரு விமானத்தை விற்பதற்கு முன்னால் பாதிக் கதவுகளை மூடிவிட்டு, ஒன்றரை நிமிடத்தில் எல்லோரும் இறங்க முடிகிறதா என்று ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். இருக்கைத் துணி எளிதில் எரியாது. இருட்டில் தரையே வழிகாட்டி ஒளிரும். எத்தனை மூளைகள் எத்தனை வருடம் உட்கார்ந்து யோசித்த வேலை. மனிதன் ஒருவன் பெட்டியைத் திறந்து பையைத் தேடிக்கொண்டு நிற்பதற்கு மட்டும் ஒரு மூளையாலும் மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டிகளை நாங்களே பூட்டிவிடுகிறோம் என்றால் பயணிகள் கோபித்துக்கொள்வார்களாம். வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

அவள் கத்தினாள். “பையை விடு! வா! குதி!” சைரன் என்று பெயர் வைத்தவர்கள் அன்று கேட்டிருக்க வேண்டும். கைப்பையோடு வந்த ஒருத்தியின் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஓரமாக எறிந்தாள். லேப்டாப்பை நெஞ்சில் அணைத்து வந்த ஒருவன் அவள் போட்ட சத்தத்திலேயே அதைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தான். வரிசை தண்ணீர் போல ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று நின்றது.

புகைக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லோரும் வாசலை நோக்கி வர, ஒரே ஒரு ஆள் ஏறுக்கு மாறாக, முதுகைக் காட்டிக்கொண்டு, முன்பக்கம் பார்த்து இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நான்கு வரிசை தள்ளிப் போய் நின்று, நடுவழியில் கைகளைத் தூக்கிப் பெட்டியைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த பையை இழுத்தார். அத்தான்.

அவருக்கு அந்தப் பக்கம் வழி முழுக்க அடைத்துக்கொண்டது. கைக்குழந்தைக்காரி எப்படியோ நெருக்கத்தில் வாசல் பக்கம் தள்ளப்பட்டு வந்துவிட்டாள். அவளுடைய மூத்தது, அந்தக் காகிதத் தொப்பிப் பெண், அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. “பாப்பா! பாப்பா!” என்று தாய் வாசலிலேயே நின்று அலறினாள். அப்போது அத்தானுக்கு அப்பாலிருந்து அந்தத் தழும்புக் கைகள் இரண்டும் உயர்ந்தன. சமையல்காரர் அந்தச் சின்னப் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கி, “வாங்கிக்குங்க! கைமாத்தி வாங்கிக்குங்க!” என்று வாசல் பக்கம் நீட்டினார். குழந்தை அத்தானின் தலைக்கு மேலாகத்தான் வந்தது. அதன் செருப்பு அவர் தலையில் உரசியது. அத்தான் முகத்தைச் சுளித்து, ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, மறு கையால் பையை இழுத்தார். நான்கைந்து கைகள் மாறி வந்த குழந்தையை வாங்கி, தாயோடு சேர்த்துச் சறுக்கில் தள்ளிவிட்டு சைரன் நிமிர்ந்தாள்.

கத்தியிருக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. அதற்குத்தான் சம்பளம். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“அத்தான்... அத்தான், பை இருக்கட்டும் அத்தான். வாங்க அத்தான்.”

மாப்பிள்ளை தூங்கும்போது பேசுகிற குரல்.

“வரேன் இரு, வரேன் இரு,” என்றார் அவர். அவள் இன்னொரு தடவையும் அதே குரலில் கெஞ்சினாள். புகை கூரையிலிருந்து இறங்கி முகத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் பை கையோடு வந்ததும் அத்தான் திரும்பி நடந்து வாசலுக்கு வந்தார். வந்தவர் சறுக்கின் உயரத்தைப் பார்த்துத் தயங்கி, பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்த உதை. கீழே பத்திரமாக நின்றுகொண்டு எவனோ ஒருவன் அந்த நொடியைப் பார்த்துத்தான் படம் பிடித்தான்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இருமிக்கொண்டே குதித்தார்கள். சமையல்காரர் வரவில்லை. வழியிலேயே விழுந்து கிடந்தவரைத் தீயணைப்பு ஆட்கள்தான் தூக்கி வந்தார்கள். நுரையீரல் முழுக்கப் புகை. ஆஸ்பத்திரியில் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். கையில் புதிதாக ஒரு காயம்கூட இல்லையாம்.

விசாரணை அதிகாரி வந்து கேட்டபோது, கூட்டம் தேங்கி வழி அடைத்தது என்றுதான் சைரன் சொன்னாள். யாரால் என்று சொல்லவில்லை. “வேற ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்க” என்று எண் கொடுத்துவிட்டுப் போனார். ஞாபகம் வருவதற்கு என்ன இருக்கிறது, மறந்தால்தானே. அக்கா புருஷனை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று அதையும் விழுங்கிவிட்டாள்.

அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. கூடத்தில் அத்தான் சோபாவில் சாய்ந்திருந்தார். சறுக்கில் உருண்டதில் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட காலுக்குக் கீழே ஸ்டூல், அதன்மேல் இரண்டு தலையணை. அந்தக் கறுப்புப் பை பக்கத்தில், வீட்டு ஆள் மாதிரி சோபாவிலேயே உட்கார்ந்திருந்தது. எதிரே அம்மா. நாற்காலியில் பெரியப்பா. அப்பா போனபிறகு குடும்பத்தில் யார் எப்போது வாயை மூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர் பெரியப்பாதான். அவருடைய வாய் மட்டும் அந்தத் தீர்மானத்தில் வராது.

“வந்துட்டியா? வா. காலை உள்ள வெச்சு வா, ஆனா தூக்காம வெச்சு வா,” என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மாப்பிள்ளை மேல கால் படுற மாதிரியா உன்ன வளத்தேன்? பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் போனைக் காட்டிக் காட்டிக் கேக்குறாங்க. எங்க போய் முகத்தை வெச்சுக்கிறது?”

“விடுங்க அத்தை,” என்றார் அத்தான், பெருந்தன்மையாக. “சின்னப் பொண்ணு. பதட்டத்துல செஞ்சுட்டா. எனக்கு வருத்தமெல்லாம் உதைச்சதுல இல்ல. நான் எதுக்கு நின்னேன்னுகூட அவளுக்குப் புரியலையேன்னுதான்.”

“அதைச் சொல்லுங்க மாப்பிள்ளை. அவளும் கேக்கட்டும்,” என்றார் பெரியப்பா. இந்தக் கதையை அவர் ஏற்கெனவே பலதடவை கேட்டிருக்கிறார் என்பது அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

அத்தான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக் காட்டினார். “பை இப்படி என் தோள்லயே இருந்துச்சு. அது இருக்கிறதுகூட எனக்கு ஞாபகம் இல்ல. நான் பாட்டுக்கு வாசலுக்கு வந்துட்டேன். அப்பதான் பின்னாடி ஒரு குழந்தை அழற சத்தம். மனசு கேக்குமா? திரும்பிப் போனேன். அப்படியே தலைக்கு மேல தூக்கி, ‘வாங்கிக்குங்க, கைமாத்தி வாங்கிக்குங்க’ன்னு குடுத்தேன். அந்தக் குழந்தை பொழைச்சுது. அது போதும் எனக்கு. கால் போனா என்ன?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுக்களை வாசலில் காபித் தட்டோடு நின்ற அக்காவின் முகத்தில் எவ்வளவு நாளாகவோ காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. தன் புருஷனை நினைத்து அவள் உள்ளபடியே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் சைரன் வந்தாள். பையை எடுக்கவில்லை என்பார், வழி தெரியவில்லை என்பார் என்று நினைத்திருந்தாள். செத்துப்போனவனின் வார்த்தையைக்கூட விடாமல் எடுத்து வைத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. அந்த மனிதனிடம் கடைசியாக மிச்சமிருந்ததே அந்த ஒரு காரியம்தான். அதையும் இவர் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“என்ன, வாயடைச்சு நிக்கிறே? ஒரு வார்த்தை சொல்லிடு. மாப்பிள்ளை உடனே போன் பண்ணிடுவார்,” என்றார் பெரியப்பா.

“கை கழுவிட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பைத் தேடினாள். தொட்டியின் விளிம்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னச் சோப்பு. அதன்மேல் ஒரு ஹோட்டலின் பெயர். அத்தான் கூட்டத்துக்குப் போயிருந்த ஊரின் ஹோட்டல். அவளும் அந்த ஊரில் இறங்கும்போதெல்லாம் அதன் பெரிய விளம்பரப் பலகையைத் தாண்டித்தான் போவாள். மேலே பார்த்தாள். அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய அதே சோப்பு, காகிதம் பிரிக்காமல். கட்டை விரல் உயரத்துக்கு ஷாம்பு பாட்டில்கள், சீப்புகள், குளிக்கும்போது தலைக்கு மாட்டும் உறைகள்.

அக்கா துண்டோடு கதவைத் தட்டி உள்ளே வந்தாள். “அந்தக் கூடையா? உங்க அத்தான் எங்க தங்கினாலும் ஒரு பிடி அள்ளிட்டு வந்துடுவாரு. காசு குடுத்துத்தானே தங்குறோம், எதுக்கு விடணும்பாரு. நீயும் நாலு எடுத்துட்டுப் போயேன்.”

“அக்கா, அந்தப் பையில வேற என்ன இருந்துச்சு?”

“கறுப்புப் பையிலயா? ரெண்டு அழுக்குச் சட்டை, போன் சார்ஜர். அப்புறம் இதுதான். மத்ததெல்லாம் பெரிய பெட்டில போட்டிருந்தாரு, அது எரிஞ்சு போச்சு. நல்லவேளை, ஆளு வந்தாரு.”

சைரன் கூடையைக் கையில் எடுத்தாள்.

“எங்கடி எடுத்துட்டுப் போறே?”

அவள் பதில் சொல்லவில்லை. கூடத்துக்கு வந்து, அத்தானின் மாவுக்கட்டுக் காலுக்குப் பக்கத்தில், அந்தத் தலையணை மேலேயே கூடையைக் கவிழ்த்தாள். சோப்புகள் சரிந்து தரையெல்லாம் ஓடின. ஒன்று பெரியப்பாவின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

“இதுதானா அத்தான் முக்கியமான சாமான்?”

“என்ன இது? என்ன உளர்றே?”

“பை உங்க தோள்ல இல்ல. நான்தான் வாங்கி மேல வெச்சேன். உங்க இடத்துலேர்ந்து நாலு வரிசை முன்னாடி. நீங்க வாசலுக்கு வரவும் இல்ல, குழந்தைக்காகத் திரும்பவும் இல்ல. இதுக்காகத் திரும்பினீங்க. அத்தனை பேரை இடிச்சுத் தள்ளிட்டு இந்தச் சோப்புக்காகப் போனீங்க.”

“பாருங்க, பாருங்க. செஞ்சதையும் செஞ்சுட்டு எப்படிக் கதை விடுறா பாருங்க,” என்றார் அத்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கை தானாகப் போய்ச் சோப்புகளை அள்ளிப் பைக்குள் போட ஆரம்பித்தது.

“குழந்தையத் தூக்குனவர் ஒரு சமையல்காரர். செத்துட்டார். நீங்க இப்ப சொன்னீங்களே, ‘கைமாத்தி வாங்கிக்குங்க’ன்னு, அது அவர் சொன்னது. குழந்தை உங்க தலைக்கு மேல போச்சு. அதோட செருப்பு உங்க தலைல பட்டுது. நீங்க என்ன பண்ணீங்க தெரியுமா? முடியைச் சரிபண்ணிக்கிட்டீங்க.”

பின்னாலேயே வந்து காபித் தட்டை மறுபடி கையில் எடுத்திருந்த அக்கா, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போல நின்றாள். பிறகு மெதுவாக, கணக்குப் பார்க்கிறவளைப் போல, “நீங்க குழந்தையத் தூக்கலையாங்க?” என்று கேட்டாள்.

“நீயுமா?” என்று அத்தான் சீறினார். பையை நெஞ்சோடு இழுத்துக் கட்டிக்கொண்டார். விமான வாசலில் நின்றபோது எப்படிக் கட்டிக்கொண்டிருந்தாரோ அப்படியே. “இது என் வீடு. மரியாதையா மன்னிப்புக் கேக்கிறதா இருந்தா நிக்கச் சொல்லுங்க. இல்லன்னா வெளிய போகச் சொல்லுங்க. நாளைக்கே அவ வேலை போகுதா இல்லையா பாக்குறேன்.”

“சின்னவளே,” என்று பெரியப்பா எழுந்தார். “போதும். யார் தூக்குனா என்ன, யார் தூக்கலன்னா என்ன, போனவன் போயிட்டான். அவனா வந்து கேக்கப்போறான்? வீட்டு மாப்பிள்ளை முக்கியமா, முன்னப்பின்ன தெரியாதவன் முக்கியமா? சாரி சொல்லு. மெதுவா, மரியாதையா சொல்லு.”

மெதுவா. அந்த ஒரு சொல்தான் அவளுக்குள் கிடந்ததைப் பற்றவைத்தது. மெதுவாகச் சொன்னதால்தானே வந்த வினை இது. அவள் இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி நின்றாள். அத்தானின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“பையை விடு! வா! குதி!”

பெரியப்பா நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அக்கா கையிலிருந்த தட்டு சரிந்து காபி தரையில் கொட்டியது. மாடி வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அத்தானின் இரண்டு கைகளும் தாமாக விரிந்துவிட்டன. பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மாவுக்கட்டுக் காலை மறந்து அவர் சோபாவிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தார்.

ஒரே ஒரு தடவைதான் கத்தினாள்.

அவள் அந்த வெறுங்கைகளையே பார்த்தாள். விட்டுவிட்டார். கேள்வி கேட்கவில்லை, ‘வரேன் இரு’ என்று சொல்லவில்லை, விட்டுவிட்டார். யார் கத்தினாலும் விடுகிற கைதான் அதுவும். அவள் கோபமெல்லாம் அவர்மேல்தான் என்று அதுவரை நினைத்திருந்தாள். அது இப்போது அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அம்மாவை, பெரியப்பாவை, மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று அந்த வீடு அவள் தொண்டையை நெரித்து வைத்த அத்தனை வருடத்தையும் பிடித்துக்கொண்டது.

“விட்டுட்டீங்க பாத்தீங்களா?” என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது. “இவ்வளவுதான் அத்தான். இதுக்கு மேல ஒண்ணும் வேண்டியிருக்கல. இதை நான் அன்னைக்குச் செஞ்சிருந்தா அந்தச் சமையல்காரர் இந்நேரம் வீட்டுல இருந்திருப்பார். உங்கள உதைச்சதுக்கு எல்லாரும் சாரி கேக்கச் சொல்றீங்க. உதைக்க இவ்வளவு நேரம் ஆச்சேன்னு நான் அவர் வீட்டுல போய் சாரி கேக்கணும்.”

போனை எடுத்தாள். விசாரணை அதிகாரியின் எண்ணைத் தட்டினாள்.

“ஐயோ, யாருக்குடி பேசுறே? உன் அக்கா வாழ்க்கையை நெனச்சுப் பாத்தியா?” என்று அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா குறுக்கே வந்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தங்கையின் மணிக்கட்டிலிருந்து விலக்கினாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

“பேசட்டும்மா,” என்றாள்.

போனை எடுத்துவிட்டார்கள். சைரன் தன் பெயரையும் விமானத்தின் எண்ணையும் சொன்னாள். வழியை அடைத்தவர் யார் என்று தெரியும் என்றாள், எந்த இருக்கை என்று சொன்னாள், என் அக்கா வீட்டுக்காரர் என்றாள். சட்டையில் குத்தியிருந்த இறக்கையை அவள் கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“இல்ல சார், இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் எழுதிக்குங்க,” என்றாள். “அந்த வாசல்ல நின்னு நான் எல்லாரையும் பாத்துக் கத்தினேன். அவரைப் பாத்து மட்டும் கத்தலை.”